ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம்

(அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில், செஞ்சி வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் சிலரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



 அழைப்பிதழில் "பிள்ளைகளின் கல்வியும் நேர நிர்வாகமும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. நாங்கள் பேசப் போவது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு வகுப்பறையில் ஒரு நாளின் நேரம் எங்கே போகிறது, அதில் உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. வகுத்தால் நாளைக்கு 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். அதே சட்டம் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 240ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள். எட்டு வரும். ஆசிரியர் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் நோட்டை மட்டும் பார்த்து, அது வாசிப்பதை மட்டும் கேட்பதற்கு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு நிமிடம். சூடான டீ ஆறுவதற்குக்கூட அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

"வகுப்பு முழுவதற்கும் சேர்த்துத்தானே பாடம் நடத்துகிறீர்கள், ஆளுக்கு எட்டு நிமிடம் என்று எப்படிப் பிரிக்க முடியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுவாக நடத்துவது எல்லோர் காதிலும் விழும். ஆனால் ஒரு பிள்ளை 'ழ'வை 'ல' என்று வாசிப்பதை, கழித்தலில் கடன் வாங்க மறந்துவிடுவதைக் கண்டுபிடிக்க, அந்தப் பிள்ளையிடம் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கான நேரம் இந்த எட்டுக்குள்தான் இருக்கிறது.

எங்களில் சிலர் ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிறோம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டத்தின் கணக்கு. வகுப்போ ஐந்து. ஒருவர் 1, 2, 3 வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொள்ள, மற்றவர் 4, 5 வகுப்புகளைப் பார்க்கிறார். இரண்டாம் வகுப்புக்குக் கூட்டல் சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் என்ன செய்கின்றன என்பதுதான் இந்த உரையின் விஷயமே.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவர் ஒரு நாள் கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பாடவேளையை அளந்தார். அது 40 நிமிடம். பிள்ளைகள் முந்தின பாட நோட்டை உள்ளே வைத்து, கணக்கு நோட்டை எடுத்து, பென்சில் இல்லாதவர்கள் பென்சில் கேட்டு முடிக்க 6 நிமிடம். ஒரு தாயார் வகுப்பு வாசலில் நின்று பேசியது 4 நிமிடம். கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டது 5 நிமிடம். அந்த நேரம் ஆசிரியையின் முதுகுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பிறகு பிள்ளைகள் எழுதினார்கள். முதலில் முடித்தவர்கள் நோட்டோடு மேசைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். திருத்தித் திருத்தி அனுப்புவதற்குள் மணி அடித்துவிட்டது. வரிசையின் கடைசியில் நின்ற பையன் நோட்டைக் காட்டாமலே போய் உட்கார்ந்தான். அவனுக்கு அன்று கணக்கில் கிடைத்தது பூஜ்யம்.

அந்த வரிசைதான் எங்களுக்கு உறைத்தது. வகுப்பு அமைதியாக இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டுப்பாடான வகுப்பு. உள்ளே பாதிப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை இல்லை. லத்தீன் அமெரிக்காவில் 7 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகளுக்குள் ஆட்களை உட்கார வைத்து இதேபோல அளந்து, உலக வங்கி 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நன்றாக நடக்கும் வகுப்பில் 85 விழுக்காடு நேரம் பாடத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். எந்த நாட்டின் சராசரியும் 65ஐத் தாண்டவில்லை. வாரத்தில் ஒரு முழு நாள் காணாமல் போவதற்குச் சமம் அது. பள்ளி திறந்திருக்கிறது, ஆசிரியர் வந்திருக்கிறார், பிள்ளையும் வந்திருக்கிறது, ஆனாலும் ஒரு நாள் போய்விடுகிறது.

ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளி, யார் பிள்ளை என்று சொல்லப் போவதில்லை. நான்காம் வகுப்பு. சத்தம் போடாத பிள்ளை. கையெழுத்து அச்சுப்போல இருக்கும். கரும்பலகையில் உள்ளதை எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டிசம்பர் மாதம் ஒருநாள் வேறு பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவளுக்கு வாசிக்கவே வரவில்லை. எழுத்துகளைக் கோலம்போலப் பார்த்து வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். தாயாரை அழைத்துச் சொன்னோம். அந்த அம்மா நம்பவில்லை. "டீச்சர், எம் பொண்ணு நோட்டைப் பாருங்க, முத்து முத்தா எழுதியிருக்கா, அவளுக்கா படிக்கத் தெரியாது?" என்று நோட்டை எடுத்து நீட்டினார். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் எங்கள் சிவப்பு மை 'டிக்' இருந்தது. பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மூன்று ஆண்டுகளாக அவளுடைய எட்டு நிமிடம் எங்கே போனது? சத்தம் போடுகிற பிள்ளைகளுக்கும், முந்திக்கொண்டு கை தூக்குகிற பிள்ளைகளுக்கும் போனது. நாங்கள்தான் கொடுத்தோம். தொந்தரவு தராத பிள்ளை என்பதற்காக அவளை விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வேலை முறையைத் தலைகீழாக மாற்றினோம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த முறை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில் காலையில் ஓதும் பள்ளியைப் பாருங்கள். ஒரு ஹஜ்ரத், முப்பது நாற்பது பிள்ளைகள். ஒன்று அலிஃப், பே சொல்லும். ஒன்று காயிதாவில் பாதியில் இருக்கும். இன்னொன்று ஐந்தாவது ஜுஸ்வு ஓதும். எல்லோரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைக்க ஹஜ்ரத் முயல்வதில்லை. ஒவ்வொருவராக அழைத்து அவரவர் பாடத்தைக் கேட்கிறார். மற்றவர்கள் அதுவரை சும்மா இருப்பதில்லை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இப்படித்தான் நடந்தன. வாத்தியார் ஒருவர், சட்டாம்பிள்ளை ஒருவன். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பைக் கொடுத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1796இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டு அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்று பெயர். நம் திண்ணையிலிருந்து போன சரக்கு அது. சட்டாம்பிள்ளையின் பிரம்பு மட்டும் நமக்கு வேண்டாம்.

நம் காலத்திலும் இது திரும்பி வந்திருக்கிறது. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல அடுக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று அட்டை வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றலாக வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் தாய்மார்கள் சிலர் அந்தக் கம்பிப் பந்தலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து படித்தவர்களாகவே இருப்பீர்கள். "பிள்ளைங்க வெளையாடிக்கிட்டே இருக்கு, டீச்சர் ஒண்ணும் நடத்துறதில்ல" என்று அன்று பெற்றோர் குறைப்பட்டதும் நினைவிருக்கும். அட்டையை எடுப்பதிலும் வைப்பதிலும் நேரம் போன வகுப்புகளும் இருந்தன, மறைக்கவில்லை. ஆனால் அந்த முறையில் இரண்டு நல்ல பழக்கங்கள் இருந்தன. வருகையைப் பிள்ளையே உள்ளே வந்ததும் பதிந்துவிடும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளை உயரத்துக்கு ஆளுக்கொரு கரும்பலகை இருக்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்புப் பயிற்சி நூல் கொண்டுவந்தால் வீட்டில் அதைத் திட்டாதீர்கள். அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஏற்றிவிடத்தான் அந்த நூல்.

இப்போது நாங்கள் செய்வது என்னவென்றால், காலையில் பிள்ளைகள் உள்ளே வரும் முன்பே அன்றைய முதல் வேலை கரும்பலகையில் இருக்கும். ஐந்து சொற்கள், இரண்டு கணக்கு, அவ்வளவுதான். வந்த பிள்ளை வந்த உடனே தொடங்கிவிடும். கைபேசியில் வருகைப் பதிவு செய்ய, சிக்னல் இல்லாத நாளில் எவ்வளவு நேரம் பிடித்தாலும், பிள்ளைகளின் நேரம் போகாது. பென்சில், ரப்பர், கூராக்கி எல்லாம் மேசைக்கு ஒரு டப்பாவில். யாருடையது என்ற பஞ்சாயத்து இல்லை. நோட்டுத் திருத்த மேசைக்கு வரும் வரிசையை ஒழித்துவிட்டோம். ஆசிரியை நடக்கிறார், பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. முடித்துவிட்ட பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கு உதவலாம், அல்லது வாசிப்பு மூலையிலிருந்து கதைப் புத்தகம் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை.

இதில் ஒரு மனக்குறை எங்கள் காதுக்கு வந்தது. "எங்க பிள்ளை நல்லாப் படிக்குதுன்னு அதை டீச்சர் வேலைக்கு வெச்சுக்கிறாங்க" என்று. அது நியாயமான கவலை. அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பிள்ளையையும் சொல்லிக்கொடுக்க விடுவதில்லை, முறை வைத்து மாற்றுகிறோம். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அதன் எட்டு நிமிடம் உண்டு. இன்னொன்றும் கவனித்தோம். தம்பிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பிள்ளை, தானே எங்கே தடுமாறுகிறோம் என்று கண்டுகொள்கிறது.

இப்படி மிச்சமாகிற நிமிடங்களை வைத்து என்ன செய்கிறோம்? எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லாப் பெயரும் இருக்கும். இந்த வாரம் யாரிடம் தனியாக உட்கார்ந்து வாசிக்கக் கேட்டோம் என்று தேதி போடுகிறோம். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது தேதி இல்லாத பெயர்கள் பெரும்பாலும் அமைதியான பெண் பிள்ளைகளின் பெயர்களாகவே இருக்கும். திங்கட்கிழமை அவர்களிடமிருந்து தொடங்குகிறோம். அந்த நான்காம் வகுப்புப் பெண்ணோடு தினமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம். அவள் கூச்சப்படாமல் இருக்க, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கதை வாசித்துக் காட்டும் வேலை என்று சொல்லிக் கொடுத்தோம். கோடை விடுமுறைக்கு முன் வீட்டுக்கு வந்த நிக்காஹ் பத்திரிகையை நன்னிமாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். தாயார் வந்து சொன்னார். ஒரு பெயரில் தடுக்கினாளாம்.

நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றியே பேசினோம். செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டதும் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகின்றன. நாங்கள் முயன்று பார்த்தோம். மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை எங்களுக்காக அரை மணி நேரம் வரிசையில் நிற்கும். நாங்கள் பிள்ளைக்காக மூன்று விநாடி நிற்க மாட்டோம். வீட்டில் "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, அது வாயைத் திறக்கும் முன்னே நீங்களே "அம்பத்தாறு" என்று சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா, அங்கேயும் மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் என்றதும் வெளியே அழைத்துப் போவதை வீண் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பிள்ளைகளை ஒரு முறை அங்கே கூட்டிப் போனோம். ராஜகிரி மேலே ஏறவில்லை. கல்யாண மகாலின் மாடிகளை எண்ணி, நெற்களஞ்சியத்தின் நீளத்தை அடி வைத்து அளந்து, சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் முன்னால் நின்று பார்த்ததை எழுதினார்கள். ஒரு வாரத் தமிழும் கணக்கும் அரை நாளில் முடிந்தது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை. எங்கள் தவறுகளைச் சொல்லிவிட்டோம், அதனால் கேட்கும் உரிமை கொஞ்சம் இருக்கிறது.

வகுப்பு வாசலில் வந்து பேசாதீர்கள். நீங்கள் பேசும் நான்கு நிமிடம் முப்பது பிள்ளைகளுடையது. மாலை பள்ளி விட்ட பிறகு வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசுகிறோம். காலையில் ஓதிவிட்டு வரும் பிள்ளைகளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரச் சொல்லி அலைய விடாதீர்கள். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு இருக்கிறது. ஓதும் பள்ளியிலிருந்து நேரே வந்து சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் வந்தால், முதல் மணிக்கு நிம்மதியாக இருக்கும். ஹஜ்ரத் அவர்களும் இந்தப் பிள்ளைகளைச் சற்று முன்னதாக விட்டு உதவ வேண்டும்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை. தயங்கித் தயங்கித்தான் இதைச் சொல்கிறோம். ஜும்ஆவுக்குப் பையன்களை அழைத்துப் போவதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. போன பிள்ளை திரும்பி வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. தொழுகை முடிந்து வீட்டில் பிரியாணி, பிறகு தூக்கம். பிற்பகல் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். 200 வேலை நாட்கள் என்றால் 40 வெள்ளிக்கிழமைகள். இரண்டு நாற்பது எண்பது. 800 மணி நேரத்தில் 80, பத்தில் ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு பையன் அரை ஆண்டுப் பள்ளியை இப்படியே இழந்திருப்பான். அவன் அக்கா தங்கைகள் அந்த நேரத்தில் வகுப்பில்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பெண்கள் நன்றாகப் படிக்கிறார்கள், பையன்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று இதே மண்டபத்தில் வருத்தப்படுகிறோம் அல்லவா, இதையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்களால் ஆனதைச் செய்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் கணக்கை முற்பகலுக்கு மாற்றிவிட்டோம். பிற்பகலில் புதுப் பாடம் தொடங்குவதில்லை, வாசிப்பு வட்டம்தான். சிறிது தாமதமாக வந்தாலும் பிள்ளை உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைகள் அந்த வெயிலில், திருவண்ணாமலை சாலையைத் தாண்டித் தனியாகத் திரும்பி வர முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அத்தாமார்கள் பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள்.

அதனால் அறக்கட்டளையிடமும் ஜமாஅத்திடமும் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற பெரியவர்கள், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் சிறுவர்களை ஒன்றுசேர்த்து, பள்ளி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட வேண்டும். வாரத்துக்கு இரண்டு பேர் போதும். அவர்களுக்கு நேரம் இருந்தால் உள்ளே வந்து ஒரு வட்டத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கவும் செய்யலாம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி நம் மாவட்டத்தில் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. அதில் நம் தெருப் பெண்கள் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததை எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்னால் அவர்களில் யாரும் ஆசிரியர் இல்லை.

வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தெரு, எந்த வெள்ளிக்கிழமை வர முடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராத பெரியவர்கள் சொன்னால் போதும், பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.